பின் இருக்கையில் இருப்பவருக்கும் காது உண்டு

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசியலையும் யுத்தத்தையும் சமாதானப் பேச்சுக்களையும் எழுதிப் பழகிய ஒருவர், திடீரென்று வாகன ரயரைப் பற்றி எழுதுவதேன் என்று வாசகர்கள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். உயர்த்தட்டும். எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக நடந்துவந்த ஓர் அநியாயத்துக்குக் காரணம் நான் தேர்ந்தெடுத்த நான்கு ரயர்களே என்பது அண்மையில்தான் எனக்குத் தெரியவந்தது. பிறர் செய்த தவறுகளைப் பற்றி இவ்வளவு காலம் எழுதிவிட்டு, என் தவறைப் பற்றி எழுதாமல் விடுவது பத்திரிகைத் தர்மம் ஆகாது.

எங்களிடம் ஒரு ஜீப் வண்டி உண்டு. ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு வந்தது. 2016இல் குடும்பத்துக்காக வாங்கினோம். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பின்னரும் விலையைக் கேட்டவர்கள் பழைய வண்டியையே அன்போடு தடவிக்கொடுத்தார்கள். வண்டியை மாற்ற முடியாதவர்களுக்கு மாற்றக்கூடியதாக எஞ்சுவது ரயர் ஒன்றுதான். அதையாவது யோசித்து மாற்றியிருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

2021இல் பழைய ரயர்கள் தேய்ந்தபோது கொழும்பில் ஒரு கடைக்குச் சென்றேன். வண்டி எங்கே ஓடுகிறது என்று கடைக்காரர் கேட்டார். "யாழ்ப்பாணம் போய் வரும்" என்றேன். "அப்படியெண்டால் ஐயா, இதுதான் சரி" என்று பெரிய பெரிய கட்டைகளோடு கூடிய ஒரு ரயரைத் தட்டிக் காட்டினார். சேற்றிலும் கல்லிலும் ஏறி இறங்கக்கூடியது. ஏ/ரி என்று வகைப்படுத்துவார்கள். பார்வைக்கு ஆண்மையாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

இங்கே கடைக்காரரைக் குறை சொல்ல ஏதுமில்லை. யாழ்ப்பாணம் என்று நான் சொன்னபோது என் மனக்கண்ணில் தோன்றியது 2002ஆம் ஆண்டின் ஏ-9 வீதி. யுத்தநிறுத்த உடன்பாட்டுக்குப் பின் அந்த வீதி திறக்கப்பட்டபோது செய்தி சேகரிக்கச் சென்றவர்களில் நானும் ஒருவன். வீதி என்று சொல்வதற்கு அங்கே அதிகம் இருக்கவில்லை. குழிகளுக்கு இடையே கொஞ்சம் தார் இருந்தது. 2006 ஓகஸ்டில் அது மீண்டும் மூடப்பட்டது. யுத்தம் முடிந்த பின்னர் திருத்தப்பட்ட ஏ-9 இன்று காபெற் வீதி. தம்புள்ளையிலிருந்து யாழ்ப்பாணம் வரை என் வண்டி ஒரு தடவையேனும் சேற்றில் இறங்கியதில்லை. இன்றைய வீதியில் ஓடும் வண்டிக்கு, என் ஞாபகத்தில் இருந்த வீதிக்கான ரயரை நான் வாங்கியிருந்தேன்.

அதன் விலையைக் கொடுத்தவர் என் தாயார். அவருக்கு வயது எண்பத்தொன்பது. இரண்டு காதிலும் செவிப்புலன் கருவி. அந்தக் கருவி மனிதக் குரலை மட்டும் தேர்ந்து பெரிதாக்கும் மாயக்கருவி அல்ல; வண்டிக்குள் எழும் உறுமலையும் சேர்த்தே பெரிதாக்கும். புதிய ரயர் பூட்டிய பின் முதற் பயணத்தில், குருநாகலைத் தாண்டும் முன்னரே, "தம்பி, தலைக்குள்ள வண்டு இரையிற மாதிரிக் கிடக்கு" என்றார். வயதின் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பயணத்தில் அவர் எதுவும் சொல்லவில்லை. வண்டியில் ஏறியதும் இரண்டு கருவிகளையும் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தார். யாழ்ப்பாணம் சேரும்வரை எட்டு மணி நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். பேரப்பிள்ளைகள் பேசினாலும் பதிலில்லை. இப்படியே நான்கு ஆண்டுகள். அம்மாவுக்குப் பயணத்தில் பேச விருப்பமில்லை என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்.

எனக்கு அந்த இரைச்சல் தெரியவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இரவிரவாக அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பக்கம் முடித்தவன் நான். என் காது இரைச்சலை இரைச்சலாக எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டது. அத்துடன், சாரதி ஆசனத்தில் இருப்பவனுக்குக் கையில் ஒரு வேலை உண்டு. பின் இருக்கையில், பின்சில்லுக்கு அருகில், வேலையின்றி அமர்ந்திருப்பவருக்கு அந்த உறுமலைத் தவிர வேறு துணை இல்லை.

கடந்த ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காக வேறொருவரின் வண்டியில் அம்மாவை அனுப்பினோம். அதே வகை ஜீப், ஏறத்தாழ அதே வயது. ரயர்கள் மட்டும் சாதாரண வீதிக்கான எச்/ரி வகை. அம்மா கருவியைக் கழற்றவில்லை. வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார் என்று அவர்கள் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகே ரயரைப் பற்றி ஒரு செய்தியைத் தேடுவது போலத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அறிந்தவற்றை இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, ஓசை எங்கிருந்து வருகிறது என்பது. ரயரின் ஒவ்வொரு கட்டையும் வீதியில் மோதும்போது ஒரு தட்டல் எழுகிறது. வெட்டுகளுக்குள் அகப்படும் காற்று நசுங்கி வெளியேறும்போது ஒரு சீறல். ரயருக்குள் இருக்கும் காற்றே ஒரு மேளத்தின் உட்புறம் போல அதிர்வதால் ஒரு முழக்கம். கட்டைகள் பெரிதாகவும் இடைவெளி அகலமாகவும் இருந்தால் தட்டலும் சீறலும் கூடும். நல்ல வீதி ரயர்களில் கட்டைகளை ஒரே அளவில் அமைக்காமல் அளவை மாற்றி மாற்றி அமைப்பதன் காரணம், எல்லாத் தட்டல்களும் ஒரே சுருதியில் சேர்ந்து ரீங்கரிக்காமல் தடுப்பதற்கே.

இரண்டாவது, ரயரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் மற்றவர்களையும் விசாரிக்க வேண்டும். சில்லின் பெயாரிங் தேய்ந்தாலும் இதே உறுமல் வரும். ஆனால் வளைவில் திரும்பும்போது அந்த உறுமல் கூடியோ குறைந்தோ மாறும். சில்லுகளின் கோணம் பிசகியிருந்தால் ரயர் ஒருபக்கமாகத் தேய்ந்து, எவ்வளவு விலையுயர்ந்த ரயரும் அழும். காற்று அடிக்கும் இடங்களில் 'கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்' என்று 40 பி.எஸ்.ஐ. வரை ஏற்றிவிடும் வழக்கமும் நம்மிடையே உண்டு. சாரதிப் பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிட்டையில் வண்டிக்குரிய அழுத்தம் எழுதப்பட்டிருக்கும். ரயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்குக் காற்றைச் சரிசெய்தாலே பாதிக் குலுக்கல் போய்விடும். அது செலவில்லாத வைத்தியம்.

மூன்றாவது, அளவு. எங்கள் வண்டிக்கு 225/65, 17 அங்குலம். அதாவது அகலம் 225 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 வீதம், ஏறத்தாழ 146 மில்லிமீற்றர். அழகுக்காக 19 அங்குலச் சில்லைப் பூட்டி 235/50 ரயர் போட்டால் பக்கச்சுவர் 118 மில்லிமீற்றருக்குக் குறைந்துவிடும். குழியில் விழும் அதிர்வை முதலில் வாங்குவது அந்தப் பக்கச்சுவரும் அதற்குள் இருக்கும் காற்றுமே. அதைக் குறைத்துவிட்டுச் சொகுசைத் தேடுவது மெத்தையை எறிந்துவிட்டு நித்திரையைத் தேடுவது போன்றது. அளவைத் தொடர்ந்து வரும் எண், ஒரு ரயர் தாங்கக்கூடிய பாரத்தைக் குறிப்பது. 100 என்றால் 800 கிலோகிராம். வண்டிக்கு விதிக்கப்பட்ட எண்ணுக்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது.

நான்காவது, விளம்பரத்தில் வரும் டெசிபல் கணக்கு. ஐரோப்பாவில் விற்கப்படும் ரயர்களுக்கு 2012 முதல் ஒரு சிட்டை கட்டாயமாக்கப்பட்டது. 2021 மே முதல் அது புதிய வடிவில் வருகிறது. அதில் ஓசையின் அளவு எழுதப்பட்டிருக்கும். 3 டெசிபல் குறைந்தால் ஒலிச்சக்தி பாதியாகும் என்பதும் உண்மை. ஆனால் பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. அந்த அளவு எடுக்கப்படுவது வண்டிக்கு வெளியே. ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வேகத்தில் இயந்திரத்தை நிறுத்தி உருளவிட்டு, வீதியோரத்தில் வைத்த ஒலிவாங்கிகளால் அளக்கிறார்கள். அது வீதியோரம் வசிப்பவரின் காதுக்கான கணக்கு. பின் இருக்கையில் இருக்கும் என் தாயாரின் காதுக்கான கணக்கை அந்தச் சிட்டை சொல்வதில்லை. ஆகவே, அந்த எண்ணை நம்பி மட்டும் வாங்காதீர்கள். உங்களுடைய அதே வகை வண்டியில் நீங்கள் வாங்க நினைக்கும் ரயரைப் பூட்டியிருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, பின் இருக்கையில் அமர்ந்து பத்து நிமிடம் போய் வாருங்கள். அதற்கு மேலான பரிசோதனை இல்லை.

அதே சிட்டையில் ஈரவீதியில் ரயரின் பிடிமானமும் ஏ முதல் ஈ வரை தரப்படுத்தப்பட்டிருக்கும். அமைதியைத் தேடிப் போய் இதைக் கோட்டை விடக் கூடாது. வாடைக்காற்று மழையில் வவுனியாவுக்கு அப்பால் வண்டி ஓட்டியவர்களுக்கு, குறுக்கே வரும் மாட்டுக்காக பிறேக் பிடிப்பதென்றால் என்னவென்று தெரியும். அமைதியான ரயர் நிற்கவும் தெரிந்த ரயராக இருக்க வேண்டும்.

இன்னுமொன்று, பிறந்த திகதி. ரயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். கடையில் பளபளப்பாக இருக்கும் ரயர் ஐந்து வருடம் களஞ்சியத்தில் கிடந்ததாகவும் இருக்கலாம். இறப்பர் வயதாக ஆக இறுகும். இறுகினால் ஓசையும் கூடும், ஈரத்தில் பிடிப்பும் குறையும். அந்த நான்கு இலக்கங்களைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. பாண் பக்கற்றில் திகதியைத் தேடிப் பார்க்கும் நாம், குடும்பத்தின் உயிரைச் சுமக்கும் பொருளில் அதைத் தேடுவதில்லை.

வெளிநாடுகளில் வாழும் அன்பர்களுக்கு இந்தக் கணக்கு வேறுபடும். கியூபெக்கில் டிசெம்பர் முதலாம் திகதி முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் சட்டப்படி கட்டாயம். அங்கே மலையும் பனித்துகளும் கொண்ட சின்னம் பொறித்த ரயரையே தேட வேண்டும். அமைதி அதற்குப் பின்னர்தான். ஆனால் விதி ஒன்றே. உங்கள் வண்டி உண்மையில் ஓடும் வீதிக்கும் காலநிலைக்கும் வாங்குங்கள். ஓடக்கூடும் என்று கற்பனை செய்யும் வீதிக்கு வாங்காதீர்கள்.

சொகுசைப் பற்றி இவ்வளவு பேசுவது என் தலைமுறையினருக்குக் கூச்சமாக இருக்கும் என்பதை அறிவேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடியது. கிழிந்த சைக்கிள் ரயருக்குள் இன்னொரு பழைய ரயரின் துண்டை வைத்துத் தைத்து ஓடினோம். 'சில்லு உருண்டால் போதும்' என்ற மனநிலை அங்கே உருவானது. அன்று அது எங்களைக் காப்பாற்றியது. இன்றும் அதையே பிடித்துக்கொண்டு, வீட்டிலுள்ள முதியவரின் அசௌகரியத்தை ஆடம்பரக் குறை என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஒரு முதியவர் குடும்பத்தோடு பேசிக்கொண்டு பயணம் செய்வது ஆடம்பரம் அல்ல. எண்பத்தொன்பது வயதில் அத்தகைய பயணங்கள் எண்ணிக்கையில் அதிகம் மிஞ்சியிருப்பதும் இல்லை.

இவ்வருட ஆரம்பத்தில் நான்கு ரயர்களையும் ஒன்றாக மாற்றினேன். நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டியில் இரண்டை மட்டும் மாற்றினால் சுற்றளவு வேறுபட்டு உள்ளே உள்ள பற்சக்கரங்களுக்குக் கேடு. வாங்கியது எச்/ரி வகை, வண்டியோடு வந்த அதே அளவு, ஈரப்பிடிமானம் நல்லது, மூன்று மாதத்துக்கு முன் பிறந்தது. உட்புறத்தில் ஓசையை உறிஞ்சும் பஞ்சு ஒட்டிய ரயர்களும் உண்டு. ஆனால் அவற்றில் பஞ்சர் ஒட்டும்போது அந்தப் பஞ்சை வெட்டி அகற்ற வேண்டிவரும் என்பதால் தவிர்த்துக்கொண்டேன். பழைய ரயர்களை விட விலை சற்றுக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரைச்சலுக்குத்தான் நான் கூடுதல் பணம் கொடுத்திருக்கிறேன்.

அம்மா இப்போது கருவியைக் கழற்றுவதில்லை. சென்ற பயணத்தில் மாங்குளம் தாண்டியதும், 1950களில் தகப்பனாரோடு ரயிலில் வந்த கதையைத் தொடங்கினார். நான் இதுவரை கேட்டிராத கதை. கொடிகாமம் வந்தும் அது முடியவில்லை. நான்கு ஆண்டுகளில் எத்தனை கதைகளை அந்த ரயர்கள் விழுங்கினவோ தெரியாது.

ஆகவே, அடுத்த முறை ரயர் வாங்கப் போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன், உங்கள் வண்டியின் பின் இருக்கையில் வழமையாக அமர்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.