இடைவழியில் தவறும் அமானிதம்

 

ஜமாஅத் அலுவலகங்கள் பலவற்றிலும் மதரஸாக்களிலும் பேரேடு இருந்த இடத்தில் இன்று கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. கல்வி உதவி பெறும் பிள்ளைகளின் பெயர், சேர்க்கை எண், தொகை ஆகியவை எக்ஸெல் அட்டவணையில் இருக்கும். அவர்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தின் வாசகம் வேர்டில் இருக்கும். அட்டவணையின் விவரங்களை எடுத்துக் கடிதத்தில் உரிய இடங்களில் பொருத்தி, நூற்றுக்கணக்கான கடிதங்களைச் சில நிமிடங்களில் ஆயத்தம் செய்யும் முறைக்கு ‘மெயில் மெர்ஜ்’ என்று பெயர்.

இம்முறையில் நேரும் கோளாறு விசித்திரமானது. எக்ஸெலைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். வேர்டிலும் குறை தெரியாது. ஆனால் அச்சாகி வந்த கடிதத்தில் 0047 என்ற சேர்க்கை எண் 47 என்று நிற்கும். 3,500 ரூபாயை மூவருக்குப் பங்கிட்டு 1166.67 என்று அட்டவணை காட்டிய தொகை, கடிதத்தில் 1166.6666666666667 என நீண்டுவிடும். ‘52அ’ என்ற எண் வரவேண்டிய இடம் வெற்றிடமாகவோ 0 ஆகவோ இருக்கும். திரையில் எச்சரிக்கை ஏதும் தோன்றாது. அக்கடிதத்தைக் கையில் பெற்ற தாய், அலுவலகத்துக்கு வந்து விளக்கம் கேட்கக் கூசி, தம் பிள்ளைக்கு உதவி இல்லையென்று எண்ணித் திரும்பிவிடவும் கூடும்.

எக்ஸெலும் வேர்டும் தனித்தனி மென்பொருள்கள். ஒன்றில் உள்ளதை மற்றொன்றுக்குக் கொண்டு செல்ல இடையே ஒரு தூதுவர் தேவை. 1987-இல் விண்டோஸில் அறிமுகமான டி.டி.இ. என்னும் முறையே நெடுங்காலம் அப்பணியைச் செய்தது. வேர்டு 2002 முதல் ஓ.எல்.இ.டி.பி. என்னும் வேறொரு முறை அவ்விடத்துக்கு வந்தது. இத்தூதுவர் கட்டத்துக்குள் உள்ள மதிப்பை மட்டுமே எடுத்துச் செல்வார். அம்மதிப்புக்கு நாம் அணிவித்த தோற்றத்தை விட்டுச் செல்வார். முன்னால் நிற்கும் சுழிகளும், இரண்டு தசமத்தோடு நிறுத்திய அமைப்பும் வெறும் தோற்றமே. மேலும், ஒரு பத்தியில் இருப்பது எண்ணா எழுத்தா என்பதை வழக்கமாக முதல் எட்டு வரிகளைக் கொண்டே அவர் முடிவு செய்வார். எண்கள் நிறைந்த பத்தியில் ‘52அ’ வழிதவறுவது இதனால்தான்.

ஆகவே, கோளாறு கண்டதும் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவ முற்பட வேண்டாம். கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சோதித்துப் பாருங்கள்.

முதலாவது, எக்ஸெலில் செய்த திருத்தத்தைச் சேமித்தீர்களா? கோப்பில் சேமிக்கப்படாத திருத்தம் வேர்டைச் சென்றடையாது. வேர்டு இணைந்திருப்பது இவ்வாண்டுக் கோப்போடுதானா, சென்ற ஆண்டின் பழைய நகலோடா என்பதையும் பாருங்கள்.

இரண்டாவது, சேர்க்கை எண் பத்தி முழுவதையும் முதலிலேயே எழுத்து வகையாக, அதாவது ‘டெக்ஸ்ட்’ ஆக அமைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். முன்பே எண்ணாக இட்டவை, வகையை மாற்றுவதால் மட்டும் எழுத்தாகிவிடா. அவற்றை மீண்டும் இட வேண்டும்.

மூன்றாவது, பங்கிட்ட தொகையை ‘டெக்ஸ்ட்’ என்னும் சூத்திரத்தால் எக்ஸெலிலேயே இரண்டு தசமம் கொண்ட எழுத்து வகையாக மாற்றுங்கள். அப்பொழுது உள்ளிருப்பதும் வெளியே தெரிவதும் ஒன்றாகும்.

பழைய டி.டி.இ. முறைக்கே திரும்ப விரும்புவோர், வேர்டின் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘அட்வான்ஸ்டு’ என்பதன் கீழ், ‘கன்ஃபர்ம் ஃபைல் ஃபார்மட் கன்வெர்ஷன் ஆன் ஓப்பன்’ என்ற வரிக்குக் குறியிட்டால், கோப்பை இணைக்கும்போது அம்முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அது முதல் தாளை மட்டுமே படிக்கும். தமிழ் எழுத்துகள் சிதையவும் இடமுண்டு. இரண்டு மென்பொருள்களில் ஒன்றை மட்டும் நிர்வாகி அதிகாரத்தோடு திறந்திருந்தால் செய்திப் பரிமாற்றமே தடைப்படலாம். எனவே அட்டவணையைச் சீர் செய்வதே மேலான வழி.

இத்தனைக்குப் பின்னரும் ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகராவின் 282-ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிக்கிறது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டுமென்றும், சாட்சிகள் வேண்டுமென்றும் கூறுகிறது. எழுத்துப் பிழையால் எவருடைய உரிமையும் குறைந்துவிடலாகாது என்னும் அக்கறையை அதில் காண்கிறோம். கணிப்பொறி எழுதிய கடிதத்துக்கும் அந்த அக்கறை பொருந்தும். அச்சிடுமுன் ‘பிரிவ்யூ ரிசல்ட்ஸ்’ என்பதை அழுத்தி, முதல் கடிதம், கடைசிக் கடிதம், இடையில் வழக்கத்துக்கு மாறான எண் கொண்ட கடிதங்கள் ஆகியவற்றை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒருவர் வாசிக்க மற்றொருவர் சரிபார்ப்பது இன்னும் நன்று.

பிறர் பொருளும் பிறர் பெயரும் நம் கையில் உள்ள அமானிதங்கள். அவற்றைக் குறைவின்றி உரியவரிடம் சேர்ப்பிக்க வல்ல நாயன் நமக்கு நல்லருள் புரிவானாக, ஆமீன்.