காஞ்சியில் கல் வேஷம் போடும் சிமெண்ட்!

காஞ்சீபுரம் காந்தி ரோட்டில் பட்டுப்புடவை வாங்க வருகிறவர்கள் கடைக்காரரை லேசில் விடுவதில்லை. "ஜரிகை அசல்தானா?" என்று குடைந்து எடுத்துவிடுவார்கள்.

அதே ஆசாமி சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் 'கருங்கல்' தூணில் சாய்ந்து உட்காருகிறார். தூணைத் தட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே கம்பி வலை, மேலே சிமெண்ட்!

வேலை சாமர்த்தியமான வேலைதான். சுவரில் கம்பி வலை அடித்து, கலவையை அப்பி, அது இறுகுவதற்குள் கரண்டி, கத்தி, கம்பி பிரஷ் கொண்டு செதுக்குகிறார்கள். பாறை வேண்டுமா, மரப்பட்டை வேண்டுமா? கேட்டது கிடைக்கும். கடைசியில் கலர் பூசிவிட்டால் கிட்டப் போனாலும் தெரியாது.

போலி புதுசா?

இதைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம். மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்ன? கூரைக் குடிசையைக் கல்லில் செய்த நகல்தானே! சிமெண்டின் பெயரே நகல்தான். 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியபோது, அந்த ஊர் 'போர்ட்லண்ட்' கல்லைப் போல இருக்கும் என்றுதான் 'போர்ட்லண்ட் சிமெண்ட்' என்று பெயர் வைத்தார்.

ஆகவே ஓட்டல் வாசலிலும் வீட்டு முகப்பிலும் சிமெண்ட் பாறை நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. நிஜக் கல்லின் மேலேயே சிமெண்ட் ஏறும்போதுதான் வம்பு.

உப்பு பூக்கும் கல்

காஞ்சி கைலாசநாதர் கோவில் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. வைகுண்டப் பெருமாள் கோவில் இரண்டாம் நந்திவர்மன் காலம். இரண்டிலும் சிற்பங்கள் மணற்கல்.

மணற்கல் ஈரத்தைக் குடிக்கும்; வெயிலில் வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டுப் போகும். ஈரம் உள்ளேயே தேங்கும். உப்பு பூக்கும். கல் மாவாக உதிரும். பூச்சு மட்டும் ஜம்மென்று நிற்கும்! பின்னால் அதைப் பெயர்த்தால் சிற்பத்தின் மூக்கும் முழியும் கூடவே வந்துவிடும்.

பழைய சுண்ணாம்புக் காரை அப்படியல்ல. சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டு அரைப்பார்கள். கல்லைவிட மிருது. மூச்சு விடும். உதிர்ந்தாலும் முதலில் உதிர்வது காரைதான், கல் பிழைத்துக்கொள்ளும். மறுபடி பூசினால் தீர்ந்தது.

இது தெரியாத ரகசியம் ஒன்றுமில்லை. புராதனக் கோவில்களைப் பாதுகாப்பது பற்றிச் சென்னை ஐகோர்ட்டு 2021 ஜூன் 7-ந்தேதி 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

தேதி முந்திக்கொள்கிறது

பிறகு ஏன் சிமெண்ட் மேல் ஆசை? விலை ஒரு காரணம். பெரிய காரணம் நேரம். சிமெண்ட் ஒரே நாளில் இறுகிவிடும். சுண்ணாம்பை முதலில் நீற்ற வேண்டும், பிறகு புளிக்க வைக்க வேண்டும், அரைக்க வேண்டும். பூசினாலும் மெள்ளத்தான் காயும். பக்குவம் தெரிந்த கொத்தனாரும் குறைந்துபோனார்.

உபயதாரர் பணம் கட்டுகிறார், கல்வெட்டில் பெயர் பொறிக்கச் சொல்கிறார். கலவை என்ன என்று கேட்பதில்லை. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டுத் திருப்பணியை ஆரம்பித்தால், கான்டிராக்டர் கை சிமெண்ட் மூட்டைக்குத்தான் போகும்.