துப்பாக்கி இருந்தால்தான் குழந்தை கண்ணில் படுமா?

பன்னாட்டு உறவுகள் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் கொஞ்ச காலமாகக் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அரசு, ராணுவம், ஒப்பந்தம் என்றே எழுதிக்கொண்டிருந்த துறை அது. 1996இல் கிராசா மஷேல் ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான் போரில் சாகும் குழந்தையைத் திரும்பிப் பார்த்தது. 1999இல் பாதுகாப்பு அவை 1261ஆம் தீர்மானத்தைப் போட்டது, 2005இல் 1612ஆம் தீர்மானம். கொலை, படைக்கு ஆள்பிடித்தல், பாலியல் வன்முறை, கடத்தல், பள்ளி-மருத்துவமனைத் தாக்குதல், நிவாரணத்தை மறித்தல் என்று ஆறு குற்றங்களுக்குக் கணக்கு எடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். நம் கேள்வி ஒன்றுதான்: சேஷசமுத்திரத்துச் சேரிக் குழந்தை இந்தக் கணக்கில் எந்தக் கட்டத்தில் வரும்?

சங்கராபுரம் பக்கத்திலிருக்கிற ஊர் அது. சேரி மக்கள் தங்கள் அம்மன் தேரைப் பொதுச்சாலையில் இழுக்கக் கூடாதென்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். 2015 ஆகஸ்டு 15, சுதந்திர தினத்து இரவு, தேரைக் கொளுத்தினார்கள். வீடுகளும் எரிந்தன. அந்த வீடுகளில் பாடப்புத்தகம் இருந்திருக்காதா? அந்த இரவு பிள்ளைகள் எங்கே படுத்திருப்பார்கள்? ஆனால் ஐ.நா. அகராதியில் இது 'ஆயுத மோதல்' இல்லை. தீ ஆயுதம் இல்லையாம், சாதி படை இல்லையாம்!

ஆய்வாளர்கள் 'அமைதியைக் கட்டியெழுப்புதல்' என்கிறார்கள். நம்ம ஊரில் அதுக்குப் பேரு சமாதானக் கூட்டம். தாசில்தார் நடுவில் உட்காருவார், இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்பார். அடித்தவனையும் அடிபட்டவனையும் 'இருதரப்பு' என்று எழுதி ஒரே தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பாதையை விட்டுக்கொடு, பறையை விட்டுக்கொடு, புகாரை வாபஸ் வாங்கு. அப்புறம் அமைதி நிலவுகிறது என்று அறிக்கை போகும். அமைதி யாருக்கு? சேரி வாயை மூடிக்கொண்டால் ஊருக்கு அமைதி. இதைப் பார்த்து வளர்கிற பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? ஊர்ப் பிள்ளை அடிக்கக் கற்றுக்கொள்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவன் பள்ளியிலேயே படித்த மாணவர்கள். அந்த அரிவாளுக்கு எந்தத் தீர்மானத்தில் எண் கொடுத்திருக்கிறார்கள்?

இது உள்நாட்டு விவகாரம், பன்னாட்டு உறவில் எங்கே வருகிறது என்று கேட்பார்கள். 2001இல் டர்பன் மாநாட்டில் இந்திய அரசும் இதைத்தான் சொன்னது, சாதியைப் பேச்சில் சேர்க்க விடவில்லை. மறு ஆண்டே இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, பிறப்பு வழியிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் எழுதியது. அதற்கெல்லாம் முன்னாலேயே அண்ணல் அம்பேத்கர் சொல்லிவிட்டார். 1901இல் சிறுவனாக அப்பாவைப் பார்க்க கோரேகாவ் போன வழியில், கட்டுச்சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பட்டினியாகப் படுத்ததை எழுதினார். அந்த நினைவுக்குறிப்புக்கு அவர் வைத்த தலைப்பு: 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. சொந்த நாட்டிலேயே விசா கேட்கப்படுகிற குழந்தை. இதைவிடப் பன்னாட்டு உறவு என்ன இருக்கிறது?

இனி கருணாபுரம். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சியில் 65க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில். செத்தவர்களில் பெரும்பாலோர் தலித் கூலித்தொழிலாளிகள். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் வைப்புநிதி என்று அரசு அறிவித்தது. படிப்புச் செலவையும் ஏற்பதாகச் சொன்னது. கொடுக்கட்டும், கொடுத்தே ஆக வேண்டும். வங்கியில் வேலை பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்: வைப்புநிதிக்கு முதிர்வுத் தேதி உண்டு, வட்டி உண்டு, காப்பாளர் கையெழுத்துக்கு இடம் உண்டு. இந்தச் சாவு ஏன் சேரியைத் தேடி வந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கெடையாது.

மேலே கல்வராயன் மலை. 1976 வரை மூன்று ஜாகிர்தார்கள் கையில் கிடந்த மலை. சாராயச் சாவுக்குப் பிறகுதான், 2024இல், சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் சாலை, பள்ளி, மருத்துவம் பற்றி விசாரணைக்கு எடுத்தது. அதுவரை மலை என்றால் போலீசுக்கு ஊறல், வனத்துறைக்கு மரம். கூலிக்கு மாநிலம் தாண்டிப் போகிறார்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரில் பக்கத்துச் சித்தேரி மலைக்காரர்களும் உண்டு. அங்கே துப்பாக்கியே இருந்தது. அப்பனை இழந்த பிள்ளைகள் அப்பவும் எந்தக் கணக்கில் ஏறினார்கள்?

ஆய்வு மாணவர்களே, படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. படியுங்கள், பட்டம் வாங்குங்கள். ஆனால் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற தெருவை எல்லைக்கோடு என்று எழுதுங்கள். 'இருதரப்பு' என்று எழுதாதீர்கள், அடித்த சாதியின் பெயரைப் போடுங்கள். தேர் எரிந்த பிறகு எத்தனை பிள்ளைகள் எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று எண்ணுங்கள். எண்ணியதைத் தமிழில் எழுதி, கேள்வி கேட்ட அதே சேரியில் படித்துக் காட்டுங்கள். அந்தப் பிள்ளைகள் தப்பு என்று சொன்னால் திருத்துங்கள்.

நீதி இல்லாத இடத்தில் அமைதியைக் கட்ட முடியாது. கட்டினால் அது நம் பிள்ளைகளை வெளியே நிறுத்துகிற இன்னொரு சுவர்.