கூரை இல்லாதோருக்கும் உண்டு சூரியன்

பிரதமரின் சூர்ய கர் இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டபோது, அதற்கென மத்திய அரசு அறிவித்த தொகை ரூ. 75,021 கோடி, இலக்கு, ஒரு கோடி வீடுகள். 3 கிலோவாட் அமைப்பை நிறுவும் வீட்டுக்கு ரூ. 78,000 மானியம். வரவேற்கத்தக்க திட்டமே. ஆனால், சொந்தக் கூரையோ மீதிச் செலவுக்குப் பணமோ இல்லாத குடும்பங்களுக்கு இதனால் என்ன பயன்?

அவர்களுக்கான வழி, ஊர் கூடி உற்பத்தி செய்வதுதான். இந்தச் சிந்தனை நாடாளுமன்றத்துக்குப் புதிதன்று. ஊரகப் பகுதிகளில் மின்சாரத்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து, உள்ளூர் விநியோகத்தை ஊராட்சிகள், கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளிட்ட அமைப்புகள் மூலம் நிர்வகிக்கத் தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு கூறுகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நிற்கிறது.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள துண்டி கிராமம் ஒரு விதிவிலக்கு. அங்கு ஆறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சூரிய சக்தி பம்புசெட்டுகளை நிறுவினர். பாசனம் போக மிஞ்சும் மின்சாரத்தை 2016 முதல் மத்திய குஜராத் மின் நிறுவனத்துக்கு விற்றனர். யூனிட்டுக்கு ரூ. 4.63 வீதம் 25 ஆண்டு ஒப்பந்தம். மின்சாரத்துக்கு விலை கிடைத்ததால், நிலத்தடி நீரை வீணே இறைக்காமல் இருப்பதும் லாபமாயிற்று.

இதற்கு மாறானது பிகார் மாநிலம் ஜெகனாபாத் மாவட்டத்தின் தர்னாய் கிராமத்தின் அனுபவம். 2014-இல் தன்னார்வ அமைப்பின் முயற்சியால் அங்கு 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் வந்தது. பின்னர் அரசின் மின்கம்பிகள் வந்தன. மலிவு மின்சாரத்துக்கு மக்கள் மாறினர். மின்கலங்கள் பழுதாகி நிலையம் முடங்கியது. இரு ஊர்களிலும் விழுந்தது ஒரே வெயில்தான். ஓரிடத்தில் நீண்டகாலக் கொள்முதல் உறுதி இருந்தது, மற்றதில் இல்லை.

கூட்டுறவுச் சங்கங்களும் ஊராட்சிகளும் மின்நிலையம் அமைக்க 2019-இல் ஒப்புதல் பெற்ற குசும் திட்டம் வழிவகுத்தது உண்மையே. ஆனால், அதில் பொதுவான குறைந்தபட்சத் திறன் 500 கிலோவாட். துண்டி விவசாயிகள் தொடங்கியதோ சுமார் 56 கிலோவாட்டில். சூர்ய கர் திட்டத்தின் மாதிரி சூரிய கிராமமும் மாவட்டத்துக்கு ஒன்றுதான். போட்டியில் வெல்லும் ஊருக்கு ரூ. 1 கோடி. மற்ற ஊர்கள் என்ன செய்வது?

கட்டணம் செலுத்தும் நுகர்வோரை இழப்போம் என்பது மின்பகிர்மான நிறுவனங்களின் அச்சம். ஆனால், உற்பத்தியாகும் இடத்திலேயே மின்சாரம் பயன்பட்டால் கம்பிவழி இழப்பு குறையும். துண்டி விவசாயிகள் மானிய மின் இணைப்புக்கான உரிமையையும் விட்டுக்கொடுத்தனர் என்பதை மறந்துவிடலாகாது.

கூட்டு மின்நிலையத்தில் பங்கு பெற்று, அதன் உற்பத்தியை வீட்டு மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ள தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வழிகாட்டுதல்களை வகுத்தது. இந்த வசதியும், சிறு கூட்டுறவுகளுக்கு நீண்டகாலக் கொள்முதல் உறுதியும் நாடு முழுவதும் சட்டபூர்வ உரிமையாக வேண்டும். மானியம் ஒருமுறை கிடைப்பது. ஒப்பந்தமோ கால் நூற்றாண்டு காப்பது.