இரும்பைக் கேட்ட ஒலி

கொதிகலன் செய்யும் தொழிற்சாலைக்கும் கருவுற்ற தாய்க்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள், தோழர்களே! உறவு உண்டு. இரும்புக்குள் ஒளிந்திருக்கும் வெடிப்பை, உடைத்துப் பாராமலே ஒலியை அனுப்பிக் கண்டறியும் கருவி, ஸ்காட்லாந்து நாட்டுத் தொழிற்சாலை ஒன்றிலே இருந்தது. கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயான் டொனால்டு, 1955-இல் அங்கே சென்றார். அறுத்தெடுத்த கட்டிகளைக் காரிலே ஏற்றிக்கொண்டு! இரும்பின் குறையைக் காட்டும் ஒலி, உடலின் குறையைக் காட்டாதோ என்று எண்ணினார். காட்டிற்று! மருத்துவர் மெக்விகாரும் பொறியாளர் டாம் பிரவுனும் துணைநிற்க, 1958-இல் ‘லான்செட்’ ஏட்டின் வாயிலாக உலகுக்கு அறிவித்தார்.

அந்த ஒலிதான் இன்று ‘ஸ்கேன்’ என்று வழங்கப்படுகிறது. காதுக்கு எட்டாத ஒலி. எக்ஸ்ரே கதிர் அன்று. “எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? நாங்கள் பெறவில்லையா?” என்பார் வீட்டு மூதாட்டி. பெற்றீர்கள், தாயே! பெறமுடியாமல் மாண்டவர்கள் பேச வரமாட்டார்களே!

நஞ்சுக்கொடி சிலருக்குக் கீழே படிந்து, பிள்ளை வரும் வாயிலையே அடைத்து நிற்கும். வலி இராது, திடீரென்று குருதி பெருகும். ஐந்தாம் மாதத்து ஸ்கேன் அதனை முன்கூட்டியே காட்டிவிடும். பலருக்கு, மாதம் ஏற ஏற, அது விலகிவிடும். விலகாதவருக்கு நாள் குறித்து, இரத்தம் ஆயத்தமாக வைத்து, அறுவை செய்து, இரண்டு உயிரையும் காப்பர். கரு குழாயிலே தங்கிவிட்ட கேட்டினை, இன்னும் முன்னதாக எடுக்கும் ஸ்கேன் காட்டும். 24 வாரங்களுக்குள் ஒரு முறையேனும் எடுத்திட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது.

ஆனால், காக்க வந்த கருவியைக் கொலைக் கருவியாக்கினோரும் உண்டு! ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1000 பேருக்கு, 1991-இல் இந்தியாவிலே 945 பெண் குழந்தைகள், 2001-இல் 927. கருவின் பாலினத்தைச் சொல்வது குற்றம் என 1994-இல் சட்டம் வந்த பின்னரும் இந்தச் சரிவு! மேடையிலே பெண்ணுரிமை முழங்கிவிட்டு, ஸ்கேன் அறை வாயிலிலே “என்ன குழந்தை?” என்று கிசுகிசுப்போர் நம்மிலும் இல்லையா? கேட்பதும் குற்றம், தோழரே! அதற்காக ஸ்கேனே வேண்டாம் என்பது, திருடன் ஏறினான் என்பதற்காக ஏணியைக் கொளுத்துவது.

வசதி படைத்தோர் வீட்டுப் பெண்ணுக்கு மாதந்தோறும் ஸ்கேன். நாற்று நடுபவளுக்கோ, ஒருநாள் கூலி போகுமே என்ற கவலை! உங்கள் தெருவிலும் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருப்பாள். அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லையெனில், நமது அடுத்த ஊர்வலத்திலே ஒருவர் குறைந்தாலும் குறையட்டும்.