இருநூறு ரூபாய்க் குற்றம்

இண்டூரில் ஓர் ஓட்டு வீடு. கூரையில் பாதி உள்ளே சரிந்து கிடக்கிறது. வாசலில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. வீட்டுக்காரர் பிழைக்கப் போனது பெங்களூருவுக்கு. பொங்கலுக்கு வந்தாலும் அண்ணன் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பிவிடுவார். இண்டூர் என்றில்லை, நல்லம்பள்ளி, பென்னாகரம் பக்கம் எந்த ஊரில் கேட்டாலும் இப்படி ஒரு வீட்டைக் காட்டுவார்கள். ஓசூரும் திருப்பூரும் பெங்களூருவும் ஆட்களை இழுத்துக்கொண்ட தருமபுரி மாவட்டம் இது. பூட்டிய வீட்டுக்கும் தரிசான மனைக்கும் இங்கே பஞ்சமில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் பாடுதான் பெரும்பாடு. கோடையில் பாம்பு, மழையில் கொசு. புகார் எழுதலாம்தான். ஆனால் யார் மேல் எழுதுவது? பெரும்பாலும் பங்காளி மேல், இல்லாவிட்டால் நாளைக்குச் சம்பந்தம் பேசப் போகும் வீட்டின் மேல். நகரத்தில் பெயர் தெரியாத மனைக்காரர்மீது மனு கொடுப்பதும், ஊரில் மாமன் மகன்மீது கொடுப்பதும் ஒன்றல்ல. அதனால் ஊர் பொறுத்துக்கொள்கிறது.

சட்டத்துக்குக் குறைவில்லை. அர்த்தசாஸ்திரமே தெருவில் குப்பை கொட்டுபவனுக்கு அரைக்கால் பணமும், சேறும் நீரும் தேங்க விடுபவனுக்குக் கால் பணமும் தண்டம் விதித்தது. கோயில், நீர்நிலை அருகே மலஜலம் கழித்தால் தண்டம் கூடும். நோயாலோ மருந்தாலோ நேர்ந்தால் தண்டமில்லை. அந்த விலக்கை எழுதியவர் மனிதரை அறிந்தவர்.

1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம், பொதுத் தொல்லைக்கு இருநூறு ரூபாய் வரை அபராதம் என்றது. அன்றைக்கு அது ஒரு கூலியாளின் பல ஆண்டு வருமானம். இன்றைக்கு அது இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடும் செலவு. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வரும் வரை அந்தத் தொகை அப்படியே இருந்தது. இப்போது ஆயிரம் ரூபாய். நூற்று அறுபது ஆண்டுகளில் ஐந்து மடங்கு! பயமுறுத்தித் திருத்தும் எண்ணம் அரசுக்கே இல்லை என்று இதற்குப் பொருள் கொண்டால் தவறில்லை.

உண்மையான பல் வேறோர் இடத்தில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. இடிந்து விழப் போகும் கட்டடம், சாயும் மரம், வேலியில்லாத கிணறு, நோய் பரப்பும் கழிவு எதுவானாலும் அகற்று அல்லது சரிசெய் என்று கோட்டாட்சியர் உத்தரவிடலாம். கேட்கவில்லையென்றால் ஆள் வைத்துச் செய்து, செலவை உரியவரின் சொத்திலிருந்து வசூலிக்கலாம். 1939இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் தொல்லை நீக்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. 2017இல் டெங்கு பரவியபோது வீடுகளுக்கும் கட்டடங்களுக்கும் நோட்டீஸ் பறந்ததே, அந்தக் கணக்கில்தான். காய்ச்சல் அடங்கியதும் நோட்டீஸும் அடங்கியது.

இந்த 133ஆம் பிரிவுக்கு உயிர் கொடுத்தது மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரம். சாக்கடை இல்லாத தெரு, சாராய ஆலையின் கழிவு, கழிப்பிடம் இல்லாத குடிசைவாசிகள். நாற்றம் தாங்காத மக்கள் நகராட்சியின் மேலேயே புகார் கொடுத்தார்கள். நகராட்சி சொன்ன பதில்களில் ஒன்றை மறக்க முடியாது: இந்த இடம் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துதானே வீடு வாங்கினீர்கள்? இன்னொன்று நமக்குப் பழகியது: பணம் இல்லை. 1980 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வி.ஆர். கிருஷ்ணய்யரும் சின்னப்ப ரெட்டியும் இரண்டையும் தள்ளினார்கள். பாலக்காட்டில் பிறந்து, பழைய சென்னை மாகாணத்துத் தலச்சேரியில் வக்கீலாக இருந்த கிருஷ்ணய்யருக்கு நகராட்சிகளின் சாக்குப்போக்கு புதிதாக இருந்திருக்காது. தெருவை அசுத்தம் செய்த ஏழைகளை விரட்டச் சொல்லவில்லை அந்தத் தீர்ப்பு; அவர்களுக்குக் கழிப்பிடம் கட்டு, தண்ணீர் விடு என்றது. பின்னாளில் தில்லியில் இதே 'தொல்லை' என்ற சொல் குடிசைகளை இடிக்கும் கடப்பாரையானது தனிக்கதை.

ரத்லத்தின் பாடம் கிராமத்துக்கும் பொருந்தும். தனியார் மனையின் புதரைக் காட்டி நோட்டீஸ் அனுப்பும் ஊராட்சி, தன் பொறுப்பில் இருக்கும் தூர்ந்த கிணற்றையும் அடைபட்ட வாய்க்காலையும் முதலில் பார்க்க வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. கிணறுகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிகாட்டியிருந்தது. தண்ணீர் தேடித் தேடித் துளைபோட்ட தருமபுரி மண்ணில் வற்றிய குழிகள் எத்தனை? அவற்றில் ஒன்றை மூட ஒரு மூடியும் அரை நாள் கூலியும் போதும்.

பங்காளிமீது மனு எழுதக் கூசுவதும் நியாயமே. ஆகவே புகாருக்குக் காத்திருக்காமல் ஊராட்சியே ஆண்டுக்கொரு முறை தெருத்தெருவாக நடந்து பட்டியல் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. வெளியூரில் இருப்பவருக்குத் தகவல், தவணை, அதற்குப் பிறகு சுத்தம் செய்து செலவு வசூல். சுத்தம் செய்யப் பணமில்லாத விதவைக்கும் முதியவருக்கும் ஊரே ஆள் கொடுக்கட்டும். வெட்டவும் அள்ளவும் வருவது மாதச் சம்பளத்துக்குத் தவிக்கும் தூய்மைக் காவலர்களாக இருந்தால், அவர்களின் கூலி தனியாகக் கணக்கில் வரட்டும்.

அக்டோபர் 2 கிராம சபை நாள். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் பிறந்ததும் அதே தேதியில்தான். அன்றைக்குக் கூட்டத்துக்குப் போகிற இண்டூர்க்காரர்கள் அந்தப் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் பெயர் ஊராட்சியுடையதாக இருக்கட்டும்.