சார் வரலையா?

பதினொரு வருடமாக எனக்கு முடக்குவாதம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் இது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க ஒரு மணி நேரம் ஆகும். கரும்பலகையில் எழுதுவதைக் குறைத்துக்கொண்டேன். தேங்காய்த் துருவலை விட்டேன். கவிதையை மட்டும் விடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைத் தாளோடு டோக்கன் வாங்கி உட்காருவேன். உள்ளே போனதும் வருகிற முதல் கேள்வியில் என் விரல் இருக்காது, என் தூக்கம் இருக்காது. “சார் வரலையா மேடம்?” என்பதுதான் அது.

ஒருமுறை சார் வந்தார். மருத்துவர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். “மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறாங்களா?” என்று அவரிடம் கேட்டார். இரண்டடி தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். “அவங்களையே கேளுங்க டாக்டர்” என்றார் என் கணவர். மருத்துவர் சிரித்தார். “படிச்சவங்கல்ல, கேட்டா நமக்கே பாடம் எடுப்பாங்க.” அறையில் இருந்த மூவரில் இருவர் சிரித்தோம். சிரித்ததில் நானும் ஒருத்தி. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

இதைச் சின்ன மனத்தாங்கல் என்று ஒதுக்கிவிடலாம். நானும் பல வருடம் அப்படித்தான் ஒதுக்கினேன். என் சித்திக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அது முடியவில்லை.

சித்திக்கு வயது அறுபத்தொன்று. தையல்காரி. எங்கள் குடும்பத்துப் பெண்கள் பலருடைய முதல் தாவணிக்கு ரவிக்கை தைத்தவள். அவளுக்கும் இதே நோய் வந்தது. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். மகன் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போனான். மருத்துவர் மெத்தோட்ரெக்ஸேட் எழுதினார். இந்த நோய்க்கு உலகம் முழுக்க முதலில் கொடுக்கப்படும் மருந்து அதுதான், நானும் அதைத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் அதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாவதே நின்றுபோகலாம்.

மருத்துவர் இதைச் சொல்லாமல் இல்லை. மகனிடம், ஆங்கிலத்தில், “வீக்லி ஒன்ஸ்” என்று சொன்னார். மகன் அப்போது கைப்பேசியில் வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். சீட்டில் கிறுக்கலாக எழுதியிருந்ததை மருந்துக்கடைப் பையன் உறையில் ஏற்றினான். அந்த உறையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். கிழமைக்கென்று ஒரு கட்டம் அதில் கிடையாது. மூன்றாவது கட்டத்தில் ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டான். சித்தி தமிழ் படிப்பாள். படித்தபடியே தினமும் இரவு ஒன்று போட்டாள்.

ஆறாம் நாள் வாயெல்லாம் புண். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். “டாக்டர் ஓ.பி.யில இருக்காங்க, அப்புறம் பண்ணுங்க.” ஏழாம் நாள் கூப்பிட்டாள். “புண்ணுக்கு பி-காம்ப்ளெக்ஸ் போட்டுக்கங்க பாட்டிம்மா.” ஒன்பதாம் நாள் தண்ணீர் விழுங்க முடியாமல் மறுபடியும் கூப்பிட்டாள். “வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா பேசச் சொல்லுங்கம்மா, நீங்க சொல்றது விளங்கலை.” விளங்காததற்குக் காரணம், வாய்ப்புண்ணால் அவளுக்கு நாக்கு குழறியதுதான். எந்த அறிகுறியைச் சொல்ல அவள் கூப்பிட்டாளோ, அதே அறிகுறிதான் அவள் பேச்சைத் தள்ளிவைக்கக் காரணமானது.

பத்தாம் நாள், உறவில் ஒரு வளைகாப்புக்கு வர முடியாது என்று சொல்ல என்னைக் கூப்பிட்டாள். குரலைக் கேட்டதும் பயந்துபோய் உறையைப் படிக்கச் சொன்னேன். பத்து வாரத்து மருந்து பத்து நாளில் உள்ளே போயிருந்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் கிடந்தாள். வெள்ளணுக்கள் அபாயகரமாகக் குறைந்திருந்தன. மாற்று மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். பிழைத்தாள்.

தனியார் மருத்துவமனையில் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்: “அந்தம்மா சரியா புரிஞ்சுக்கலை.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராக எழுதப்படுகிறது. யார் எதைப் புரிந்துகொள்ளவில்லை? சித்தி உறையைப் புரிந்துகொண்டாள். தன் உடம்பில் ஏதோ தப்பாகப் போகிறது என்பதைப் புரிந்துகொண்டாள். யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் புரிந்துகொண்டு மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் புரிந்துகொள்ளாதவர்கள் மறுமுனையில் இருந்தார்கள். இந்தத் தவறு புதியதும் அல்ல. இதே மருந்தை வாரத்துக்குப் பதில் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் வெளிநாடுகளிலும் உண்டு. அதனால்தான் மருந்துப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும், நோயாளிக்கு ஒரு அட்டை கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் பரிந்துரைத்தது. அங்கே இதை மருந்து கொடுக்கும் முறையின் தவறாகப் பார்த்தார்கள். இங்கே ஒரு கிழவியின் அறிவுக்குறைவு என்று முடித்துவிட்டார்கள்.

மொழியைத் தொழிலாகக் கொண்டவள் என்பதால் மொழியிலிருந்தே பேசுகிறேன். வலியைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, எரிச்சல், மதமதப்பு, விண்விண் என்று தெறிப்பது, சுருக்கென்று தைப்பது. எலும்புக்குள் நடப்பது குடைச்சல். சதையில் நடப்பது உளைச்சல். என் சித்தி ஒருநாளும் இரண்டையும் குழப்ப மாட்டாள். முழங்கையில் மதமதப்பு என்று அவள் சொன்னால் நரம்பைப் பார்க்க வேண்டும், கணுவில் கடுப்பு என்றால் மூட்டைப் பார்க்க வேண்டும். நோயைக் கண்டுபிடிக்க உதவும் தகவல் அவள் வாயில் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு மருத்துவர் சீட்டில் எழுதுவது ‘பெயின்’ என்ற ஒரே சொல். பிறகு, ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்கிறார். பிரசவ வலியை ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லப் பழக்கப்பட்டவள் ‘மூணு’ என்பாள். மூன்றுக்குரிய மருந்தோடு வீடு திரும்புவாள்.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். நான்கில் நோயாளியைத்தான் முதலில் வைக்கிறார். வகுப்பில் இதைப் பெருமையோடு நடத்துவேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “மேம், மூணு பேருமே ஆண்பால்லதான இருக்காங்க?” ஆமாம், மூவரும் ஆண்பால்தான். நோயுற்றவனும் ஆண், தீர்ப்பவனும் ஆண். நிஜத்தில் பக்கத்தில் இருந்து இரவெல்லாம் விழிக்கிறவள் மட்டும் பெண். இரண்டாயிரம் வருடம் கழித்து நோயாளியாகவும் அவளே வந்து நின்றால், “சார் எங்கே?” என்று தேடுகிறார்கள். இலக்கணம் அப்படியே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் சோதனைக்குத்தான் அந்தப் பெண் ஒப்புதல் கொடுத்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வயதுவந்த, சுயநினைவு திரும்பக்கூடிய பெண்ணுக்காக, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வேறு யாரும் ஒப்புதல் தர முடியாது என்றது நீதிமன்றம். பெற்ற தாய்க்கே இல்லாத அந்த அதிகாரம் கணவனுக்கும் மகனுக்கும் எங்கிருந்து வரும்? அறுவை சிகிச்சைக்குப் பொருந்துவது ஒரு மாத்திரைக்குப் பொருந்தாதா? என்ன சாப்பிடுகிறேன், எத்தனை நாளைக்கு ஒருமுறை, என்ன ஆனால் ஓடிவர வேண்டும் என்பதை என்னிடம் சொல்லாமல் வாங்கும் தலையாட்டலுக்கு ஒப்புதல் என்று பெயர் கிடையாது.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். ‘டாக்டருக்கு நேரம் இல்லை.’ அரசு மருத்துவமனையில் இதை ஒத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு மருத்துவர் முன்னால் நிற்கும் வரிசையை நான் பார்த்திருக்கிறேன். சித்தியைக் காப்பாற்றியவர்களும் அவர்கள்தான். அந்த வார்டில் இருந்த பயிற்சி மருத்துவர், இருபத்து மூன்று வயதுப் பெண், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “எந்தக் கிழமை போட்டுக்கறீங்க பாட்டி? செவ்வாயா? சரி, செவ்வாய் மட்டும். எங்க, திருப்பிச் சொல்லுங்க” என்றாள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நேரமே இல்லாத இடத்தில் அந்த ஒரு நிமிடம் கிடைத்தது. கட்டணம் வாங்கிய இடத்தில் கிடைக்கவில்லை. ஒரு மாலையில் அறுபது டோக்கன் கொடுப்பது மருத்துவமனை எடுத்த முடிவு. அதற்கான விலையை நோயாளி கொடுக்க வேண்டியதில்லை.

தொலைபேசியை எடுத்த பெண்ணை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கு மருத்துவம் கற்றுக்கொடுக்கப்படவில்லை. மருத்துவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது மட்டும் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. குறைந்த சம்பளத்தில், நாள் முழுக்க நின்றுகொண்டு, உள்ளே இருப்பவரின் கோபத்தையும் வெளியே இருப்பவர்களின் கோபத்தையும் வாங்கிக்கொள்பவள் அவள். நோயாளிப் பெண்ணுக்கும் மருத்துவருக்கும் இடையே இன்னொரு பெண்ணைச் சுவராக நிறுத்தியிருக்கிறார்கள். ‘வாய்ப்புண், காய்ச்சல், மூச்சு வாங்குகிறது என்று யாராவது சொன்னால் உடனே உள்ளே சொல்’ என்று மூன்று வரி எழுதி அவள் மேசையில் ஒட்டியிருந்தால் சித்தி ஆறாம் நாளே தப்பித்திருப்பாள். ஒட்டாதது யார்?

பெண் மருத்துவர்கள் வந்தால் மாறிவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கு இருந்தது. “சார் வரலையா?” என்று என்னிடம் கேட்டவர்களில் இருவர் பெண்கள். நாற்காலியில் உட்காருபவர் மாறினாலும் நாற்காலி திரும்பும் திசை மாறவில்லை.

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவரிடம் போவதற்கு முன் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டுகிறோம். அவர் சிடுசிடுத்தால் நாம் மன்னிப்புக் கேட்கிறோம். கேட்க நினைத்த ஐந்து கேள்வியில் நான்கை விழுங்கிவிட்டு, பேருந்தில் வரும்போது நினைத்து வருந்துகிறோம். ‘நல்ல பேஷண்ட்’ என்று பெயர் வாங்குவது ‘நல்ல மருமகள்’ என்று பெயர் வாங்குவதைப் போன்றதுதான். இரண்டிலும் சம்பளம் கிடையாது, இரண்டிலும் வாய் மூடியிருக்க வேண்டும்.

நாள்பட்ட நோய் என்பது வாழ்நாள் முழுக்க நீளும் உறவு. திருமணத்தைவிட நீண்டதாகக்கூட அமையலாம். அதில் ஊமையாக இருந்து காலம் தள்ள முடியாது. ஆகவே நான் கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள். என் உடம்பைப் பற்றி என்னிடம் பேசுங்கள். உடன் வந்தவரிடம் பேச வேண்டுமானால் முதலில் என்னைக் கேளுங்கள். சீட்டு கையால் எழுதியதோ அச்சிட்டதோ, படிக்கும்படி இருக்கட்டும். எப்படிச் சாப்பிடுவது என்பது தமிழில் இருக்கட்டும். அரசுக் கட்டடங்களின் உச்சியில் ‘தமிழ் வாழ்க’ என்று விளக்கெரிகிற நாட்டில், ‘வாரம் ஒரு நாள் மட்டும், செவ்வாய்’ என்று ஒரு உறையில் எழுத முடியாதா? ஆபத்தான அறிகுறிகளைச் சொல்லிக் கூப்பிட்டால் அன்றைக்கே பதில் சொல்ல ஒருவர் இருக்கட்டும். 2021இலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவருபவர்களும் பெண்கள்தான். மாத்திரை வாசற்படி வரை வர முடியுமென்றால், ஒரு கேள்விக்குப் பதிலும் வர முடியும்.

இன்னொன்று. உங்கள் மருத்துவக் குறிப்புகளை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கெஞ்ச வேண்டாம். இரண்டு வரிக் கடிதம் எழுதுங்கள், தேதி போடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சித்திக்காக நாங்கள் எழுதினோம். எழுதச் சொல்லி நான் சொன்னேன், கையெழுத்துப் போட்டது அவள்.

இப்போது சித்தி அதே மருந்தைத்தான் சாப்பிடுகிறாள், சரியான அளவில். நாட்காட்டியில் செவ்வாய்க்கிழமைகளைத் தையல் சாக்கட்டியால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். போன மாதம் பக்கத்தில் இருந்தபோது மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்தாள். மறுமுனையில் வழக்கமான கேள்வி வந்திருக்க வேண்டும். சித்தி சொன்னது எனக்குக் கேட்டது:

“வீட்ல யாரும் பேச வேண்டியதில்லம்மா. நோய் எனக்கு. நான்தான் பேசறேன், நீ எழுதிக்க.”